கிராக் அனுப்ப மாட்டேன் பாப்பா

அன்புள்ள பாப்பா,

புது லேப்டாப் வந்துவிட்டது என்று நீ போட்ட மெசேஜையும், "ஃபோட்டோஷாப் கிராக் இருந்தா டிரைவ்ல போட்டு விடும்மா, இங்க ஹாஸ்டல்ல எல்லாரும் அதான் வச்சிருக்காங்க" என்று அடுத்த வரியிலேயே கேட்டிருந்ததையும் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். லைசென்ஸ் பூட்டை உடைத்த திருட்டுக் காப்பிதான் கிராக், அதை நான் அனுப்ப மாட்டேன். நீயும் எங்கிருந்தும் இறக்காதே. ஏன் வேண்டாம், அதற்குப் பதில் எதைப் போடலாம் இரண்டையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

சட்டப்படி தப்பு என்பது உனக்கே தெரியும். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. நம் கடை ஆரம்பித்த காலத்தில் வைரஸ் வந்தால் வந்தது தெரியும். பென்டிரைவில் இருக்கும் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிடும், சிஸ்டம் இழுக்கும், கஸ்டமர் தூக்கிக்கொண்டு வருவார், ஃபார்மட் அடித்து ஓஎஸ் போட்டுக் கொடுத்தால் வேலை முடிந்தது. இப்போது கிராக்கோடு சேர்ந்து வருவது எந்தச் சத்தமும் போடாது. ஃபோட்டோஷாப் நன்றாகவே திறக்கும், நீயும் வேலை செய்துகொண்டிருப்பாய். நீ இன்ஸ்டால் பட்டனை அமுக்கிய சில நிமிடத்திலேயே அது தன் வேலையை முடித்திருக்கும். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், கார்டு விவரம், குக்கிகள் எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி யாருக்கோ அனுப்பிவிட்டு, சில வகைகள் தன்னையே அழித்துக்கொண்டும் போய்விடும். இன்ஃபோஸ்டீலர் என்று இதற்குப் பெயர்.

"எனக்குத்தான் ஓடிபி இருக்கே" என்பாய். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், அதனால் இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள். ஓடிபி கேட்பது நீ உள்ளே நுழையும்போது மட்டும்தான். ஒருமுறை நுழைந்துவிட்டால், "இவள் ஏற்கெனவே சோதித்து உள்ளே விடப்பட்டவள்" என்பதற்கு அடையாளமாக அந்தத் தளம் உன் பிரவுசரில் ஒரு குக்கியை வைக்கிறது. கல்யாண மண்டபத்துப் பந்தியில் கையில் கொடுக்கும் டோக்கன் மாதிரி, அதை வைத்திருப்பவர் யார் என்று பிறகு யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தக் குக்கியைத் திருடித் தன் பிரவுசரில் வைத்துக்கொண்டவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், பல தளங்களில் நேராக உன் கணக்குக்குள் போய்விடலாம். கனடாவில் லைனஸ் டெக் டிப்ஸ் என்று ஒரு யூடியூப் சேனல் இருக்கிறதே, கோடிப் பேருக்கு மேல் பார்க்கிற, கம்ப்யூட்டரே தொழிலாக வைத்திருப்பவர்களுடைய சேனல், 2023 மார்ச்சில் அது பறிபோனது இப்படித்தான். விளம்பரம் தருகிறோம் என்று வந்த மெயிலில் இருந்த ஃபைலை, பிடிஎஃப் என்று நினைத்து அங்கே வேலை பார்க்கும் ஒருவர் திறந்திருக்கிறார். பாஸ்வேர்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை, செஷன் குக்கிதான் போனது. அப்புறம் அந்தச் சேனலில் கிரிப்டோ மோசடி வீடியோ லைவாக ஓடியது.

இப்படித் திருடியதை விற்கச் சந்தையே இருக்கிறது. ஜெனிசிஸ் மார்க்கெட் என்ற ஒன்றை 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்பிஐ பல நாட்டுப் போலீசோடு சேர்ந்து மூடியது, அந்த நடவடிக்கைக்கு ஆபரேஷன் குக்கி மான்ஸ்டர் என்றே பெயர் வைத்தார்கள். லும்மா என்ற இன்ஃபோஸ்டீலரை 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் ஐரோப்பியப் போலீசும் சேர்ந்து முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில் 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இதெல்லாம் பெரிய ஆட்களுக்கு நடப்பது என்று நினைக்காதே. போன மாதம் நம் கடைக்குக் கல்யாண ஃபோட்டோ எடுக்கிற ஒரு தம்பி வந்தான். வீடியோ எடிட்டிங்குக்கு ஏதோ பிளக்இன் கிராக் இறக்கியிருக்கிறான், மறுநாள் காலையில் இன்ஸ்டாகிராம், ஜிமெயில் இரண்டும் கையில் இல்லை. அவனுக்கு வரும் ஆர்டர் எல்லாம் அந்த இன்ஸ்டா கணக்கு வழியாகத்தான். மெமரி கார்டில் போன படமாக இருந்தால் எப்படியாவது மீட்டுக் கொடுத்திருப்பேன், இதில் என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை, அது எனக்கு இன்னும் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உன் ரூம்மேட் எதையாவது இறக்கி வைத்திருந்தால் மூன்று விஷயம் பார். ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதா, அதுவும் 1234 என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறதா? யாருக்கும் தெரிந்த பாஸ்வேர்டை எதற்குப் போடுகிறார்கள்? பூட்டியிருந்தால் ஆன்டிவைரஸால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான். அடுத்தது, "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும், இது ஃபால்ஸ் அலாரம்" என்று குறிப்பு இருக்கும். மூன்றாவது, சின்னதாக இருக்க வேண்டிய செட்டப் ஃபைல் 700 எம்பிக்கு ஊதியிருக்கும். வைரஸ்டோட்டல் என்ற தளத்தில் ஒரு ஃபைலைப் போட்டால் எழுபது ஆன்டிவைரஸ் வரை ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும், ஆனால் 650 எம்பிக்கு மேல் ஏற்காது, அதனால் வெறும் பூஜ்ஜியங்களை நிரப்பி எடையைக் கூட்டிவிடுகிறார்கள். (வைரஸ்டோட்டலை நீயும் பயன்படுத்து, நல்ல தளம். ஆனால் உன் மார்க்‌ஷீட், ஆதார் மாதிரி சொந்தக் காகிதம் எதையும் அதில் ஏற்றாதே, அங்கே போடுவதை அவர்களிடம் பணம் கட்டிய கம்பெனிகள் இறக்கிப் பார்க்க முடியும்.)

இன்னொன்று இப்போது நிறைய வருகிறது. ஏதோ தளத்துக்குப் போனால் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று கேட்டு, விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் அமுக்கு, கண்ட்ரோல் வி அடி, என்டர் தட்டு என்று சொல்லும். அந்தப் பக்கம் உனக்குத் தெரியாமல் ஒரு கட்டளையைக் காப்பி செய்து வைத்திருக்கும், நீ அதை உன் கையாலேயே ஓட்டிவிடுகிறாய். எந்த உண்மையான தளமும் விண்டோஸ் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது, அப்படிக் கேட்டால் அந்த நிமிடமே மூடிவிடு.

சரி, வேலைக்கு என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். முதலில் காலேஜில் கேள், பல இடங்களில் மாணவர்களுக்கு லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பார்கள், கேட்காதவர்களுக்குத் தெரியாது. மாயா என்ற 3டி அனிமேஷன் மென்பொருள் வேண்டுமென்றால், அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கே மாணவர்களுக்கு ஒரு வருடத்துக்கு இலவசமாகத் தருகிறது, வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலை அவசரமாகத் திறந்து கொஞ்சம் திருத்த வேண்டும் என்றால் ஃபோட்டோபீ என்ற தளம் இருக்கிறது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசரிலேயே ஃபோட்டோஷாப் மாதிரியே லேயரோடு திறக்கும், உன் படம் அவர்கள் சர்வருக்குப் போவதும் இல்லை, உன் கம்ப்யூட்டரிலேயே வேலை நடக்கிறது. இவான் குட்ஸ்கிர் என்பவர் 2013இல் ஆரம்பித்துப் பெரும்பாலும் தனி ஆளாகவே எழுதியது அது. ஓரத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். பென் டேப்ளட்டில் வரைய கிரிட்டா, லோகோ மாதிரி வெக்டர் வேலைக்கு இங்க்ஸ்கேப், ஃபோட்டோ திருத்த ஜிம்ப், வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு. ஜிம்ப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சிவகாசிப் பிரஸ்காரர்கள் கேட்கிற சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு மை வண்ண முறை) வேலை அதில் இன்னும் முழுசாக வராது, நம் காலண்டர் வேலைக்கு அது போதாது. கிரிட்டாவிலும், பக்கம் வடிவமைக்கிற ஸ்கிரைபஸிலும் சிஎம்ஒய்கே உண்டு. ஆனால் தமிழ் எழுத்து ஜிம்ப்பில் சிதறுவதில்லை. பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் தெற்காசிய எழுத்துக்கான செட்டிங்கை மாற்றாவிட்டால் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும், எத்தனையோ பிளெக்ஸ் போர்டில் பார்த்திருக்கிறாயே. எழுத்துருவையும் எங்கிருந்தோ இறக்காதே, முக்தா மலர், கேடமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு கிடைக்கின்றன.

நீ அனிமேஷன் படிப்பதால் பிளெண்டரைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். அதன் கதையே எனக்கு அவ்வளவு பிடிக்கும். நெதர்லாந்துக்காரர் டான் ரோசன்டால் எழுதிய 3டி அனிமேஷன் மென்பொருள் அது. 2002இல் கம்பெனி மூடிவிட்டது, மென்பொருளின் உரிமை முதலீட்டாளர்கள் கையில். ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் விட்டுக்கொடுக்கிறோம் என்றார்கள். அவர் அதை இணையத்தில் சொல்லிப் பணம் கேட்டார், பயன்படுத்தியவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு ஏழே வாரத்தில் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. அந்த வருடம் அக்டோபர் 13ஆம் தேதியிலிருந்து பிளெண்டர் எல்லோருக்கும் சொந்தம், மூலநிரல் உட்பட. 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது லாட்வியா இயக்குநர் ஒருவரின் படம், பேச்சே இல்லாத ஒரு பூனையின் கதை, அதை முழுக்க பிளெண்டரில்தான் செய்தார்கள். ஆஸ்கர் வாங்கும் தரத்துக்கு ஒரு மென்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் சும்மா கிடைக்கும்போது, யாரோ முகம் தெரியாதவன் உடைத்து வைத்ததை எதற்கு வீட்டுக்குள் விட வேண்டும்? உன் ரூம்மேட்டுகளிடமும் இதைச் சொல்.

ஆனால் இலவசம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கக் கூடாது. 2022இல் கூகுளில் ஜிம்ப் என்று தேடியவர்களுக்கு மேலே ஒரு விளம்பரம் வந்தது, ஜிம்ப்பின் உண்மையான முகவரியே அதில் தெரிந்தது, சொடுக்கினால் போனது நடுவில் இரண்டு எழுத்து கூடுதலாக இருந்த போலித் தளத்துக்கு. அச்சு அசல் அதே மாதிரி பக்கம், உள்ளே இன்ஃபோஸ்டீலர். அதனால் தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடவே தொடாதே. நான் கடையில் ஓஎஸ் போட்டு முடித்ததும் நைனைட் என்ற தளத்துக்குத்தான் போவேன், விஎல்சி, செவன்ஜிப், லிபர்ஆஃபிஸ், பிளெண்டர், கிரிட்டா என்று வேண்டியதை டிக் செய்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இன்ஸ்டாலர் தரும், தேவையில்லாத டூல்பார் எதுவும் கூட வராது. பிரவுசருக்கு ஃபயர்ஃபாக்ஸ் வைத்து அதில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொள், மோசடி விளம்பரங்கள் பெரும்பாலும் கண்ணிலேயே படாது.

பாஸ்வேர்டை பிரவுசரில் சேமிக்காதே, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பிட்வார்டன் ஆப் வைத்துக்கொள், இலவசப் பதிப்பே உனக்குத் தாராளம். அப்புறம் ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளத்தில் உன் மெயில் முகவரியைப் போட்டுப் பார். ட்ராய் ஹண்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013இலிருந்து நடத்துகிறார், எந்தெந்தக் கசிவில் உன் முகவரி போயிருக்கிறது என்று காட்டும். பட்டியல் வந்தால் பதறாதே, என்னுடையதும் வருகிறது, அந்தத் தளங்களில் பாஸ்வேர்டை மாற்று, அதே பாஸ்வேர்டை வேறு எங்கே வைத்திருந்தாலும் அங்கேயும் மாற்று.

நான் எழுதுவதற்குள் நீ யாரிடமாவது வாங்கிப் போட்டுவிட்டாயா என்றும் ஒரு யோசனை. போட்டிருந்தால் திட்ட மாட்டேன், சொல்லிவிடு. முதலில் வைஃபையை ஆஃப் செய். அந்த லேப்டாப்பில் எந்தப் பாஸ்வேர்டையும் மாற்றாதே, போனிலிருந்து மாற்று. மெயில்தான் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் ரீசெட் லிங்க்கும் அங்கேதான் வரும், பிறகு பேங்க், பிறகு மற்றவை. பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அமுக்கு, அப்போதுதான் திருடிய குக்கி செல்லாமல் போகும். பணம் ஏதாவது போயிருந்தால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்குக் கூப்பிடு, சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கைக்குப் போகும் முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் லேப்டாப்பைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போட வேண்டும், அதை வீடியோ காலில் நான் கூட இருந்து செய்துவிடுகிறேன், கடைக்கு யார் வந்தாலும் காத்திருக்கட்டும்.

லேப்டாப்பில் ராம் எத்தனை ஜிபி என்று பார்த்து அனுப்பு. 8தான் என்றால் பிளெண்டர் திணறும், இன்னொரு 8 போட ஸ்லாட் இருக்கிறதா என்று மாடல் நம்பர் தெரிந்தால் நானே பார்த்து வாங்கி, ஒரு வெளி எஸ்எஸ்டியும் சேர்த்து கூரியரில் அனுப்பிவிடுகிறேன். செமஸ்டர் வேலை எல்லாவற்றையும் அந்த எஸ்எஸ்டியில் ஒரு காப்பி எடுத்துக் கழற்றி வைத்துவிடு, எப்போதும் சொருகியே வைக்காதே. அப்பா தீபாவளி வரைக்கும் பிரஸ்ஸே கதி, உன்னைக் கேட்டார்.

அன்புடன்,
அம்மா