பெயர் தெரியாத அக்காவுக்கு நன்றி

பிணவறை வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அக்கா, உங்களுக்கு நன்றி. எல்லோரும் ‘காலம் ஆற்றும்’ என்றார்கள். நீங்கள் மட்டும் “பிள்ளை பேர் என்னம்மா?” என்று கேட்டீர்கள். அதுவரை என் மகன் வெறும் ‘கத்திக்குத்து கேஸ்’. உங்கள் மகனும் தெருச்சண்டையில் போனவன்தான் என்பதைக் கிளம்பும்போதுதான் சொன்னீர்கள்.

சட்டையும் செல்போனும் வழக்குக்கான சான்று, சீக்கிரம் கைக்கு வராது, எதை எடுத்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொள் என்றீர்கள். (சொல்லவேண்டியவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.) பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் தனியாகப் படிக்காதே என்றதும் நீங்கள்தான். அது வந்தபோது தங்கச்சிதான் படித்தாள். எனக்குத் தேவையான நாலு வரியை மட்டும் சொன்னாள்.

விசாரணை தொடங்கப்போகிறது. இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள் அக்கா, கோர்ட்டில் என்ன கேட்பார்கள் என்று உங்களிடம்தான் கேட்கவேண்டும்.