தரவுத்தளக் கோப்புகளைப் பேட்ச் கோப்பால் நகலெடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அலுவலகக் கணினிகளைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் ஏஜென்ட் கிடையாது. அதனால் விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலரையும், கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரு பேட்ச் கோப்பையும் வைத்துச் சமாளிக்கிறீர்கள். அதில் தவறே இல்லை. யாரும் திறந்து படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பத்து வரிகள், விலையுயர்ந்த மென்பொருளைவிட நம்பகமாகவே வேலை செய்யும். என் கவலையெல்லாம் அந்தப் பத்து வரிகளில் என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான்.

கோப்புகளை நகலெடுக்கும் விண்டோஸ் கட்டளையான ரோபோகாப்பியுடன் எம்ஐஆர் (/MIR) என்ற சுவிட்சை, அதாவது கூடுதல் விருப்பத்தைச் சேர்த்துவிட்டு, ‘தினமும் பேக்கப் ஓடுகிறது’ என்று நிர்வாகத்திடம் உறுதி சொல்கிறீர்கள். அந்தச் சுவிட்ச், மூலத்தில் இல்லாத கோப்பை நகலிலிருந்தும் அழித்துவிடும். பகலில் ஒருவர் கைதவறி ஒரு கோப்புறையை அழித்தால், இரவில் உங்கள் பேட்ச் கோப்பே மிச்சமிருந்த நகலையும் துடைத்துவிடும். பணம் பறிப்பதற்காக ரேன்சம்வேர் என்ற தீநிரல் பூட்டிய கோப்புகளும் அப்படியே நல்ல நகலின் மேல் போய் உட்காரும். தயவுசெய்து இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அடுத்தது, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் எம்டிஎஃப் (தரவு), எல்டிஎஃப் (பரிவர்த்தனைப் பதிவு) கோப்புகளை நேரடியாக நகலெடுப்பது. சர்வர் அவற்றை விடாது. பிழை 32 (கோப்பு வேறொரு நிரலின் பயன்பாட்டில் இருக்கிறது) என்று காட்டிவிட்டு ரோபோகாப்பி 30 விநாடி காத்திருந்து மறுபடி முயலும். மாற்றாமல் விட்டால் 10 லட்சம் முறை முயலும்! காலையில் வந்து பார்த்தால் கறுப்புத் திரையில் அதே கோப்பின் பெயர் வரிவரியாக ஓடிக்கொண்டிருக்கும். வரிசையில் அதற்குப் பின்னால் இருந்த கோப்புகள் எதுவும் நகர்ந்திருக்காது. எஸ்கியூலைட், ஆக்சஸ் போன்ற சிறிய தரவுத்தளங்களின் கோப்புகளில் ஆபத்து இன்னும் அதிகம். அவை பல நேரம் மறுப்பின்றி நகலாகிவிடும். எழுதிக்கொண்டிருந்த நொடியில் எடுத்த நகல் திறக்குமா என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

எனவே முதலில் தரவுத்தளமே தன் பேக்கப்பை எடுக்கட்டும். எஸ்கியூஎல் சர்வருக்குக் கட்டளை அனுப்பும் எஸ்கியூஎல்சிஎம்டி (sqlcmd) மூலம் பேக்கப் டேட்டாபேஸ் கட்டளையை, தரவு சிதைவைக் கண்டறிய உதவும் செக்சம்முடன் இயக்குங்கள். எஸ்கியூஎல்சிஎம்டியின் சிறிய எழுத்து பி (-b) சுவிட்சை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பேக்கப் தோற்றாலும் வெற்றிக்குரிய பூஜ்யமே திரும்பி வரும். கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும். கணினியின் வட்டார அமைப்பு மாறினால் பேட்ச் கோப்பின் தேதி மாறியின் (%DATE%) வடிவமும் மாறும் என்பதால், அதை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். பிறகே அந்த பேக்கப் கோப்பை ரோபோகாப்பி வேறு கணினிக்குக் கொண்டுபோகட்டும், எம்ஐஆர் இல்லாமல்.

வேலை முடிந்ததும் ரோபோகாப்பி திருப்பித் தரும் எண்ணையும் சரியாகப் படியுங்கள். 1 வந்தால் கோப்புகள் நன்றாக நகலாகிவிட்டன என்று பொருள். 8 முதல்தான் தோல்வி. பூஜ்யம் அல்லாத எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும் பேட்ச் கோப்புகள் ஏராளம். தினமும் பொய்யாக அலறும் எச்சரிக்கையை யாரும் திறப்பதில்லை. உண்மையான தோல்வியும் அந்தக் குவியலில் புதைந்துவிடுகிறது.

ஒரு நகலாவது அன்றாடம் பயன்படுத்தும் பயனர் கணக்கால் தொட முடியாத இடத்தில், முடிந்தால் கழற்றி வைத்த வட்டில் இருக்கட்டும்.

அடுத்த பராமரிப்பு நாளில், வேறொரு கணினியில் நேற்றைய பேக்கப்பை முழுமையாக மீட்டுப் பாருங்கள். கடைசிப் பதிவு எந்தத் தேதியில் நிற்கிறது என்று சரிபாருங்கள். மீட்க எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் குறித்து வையுங்கள். தரவுத்தளம் விழும் நாளில் நிர்வாகம் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்