நான்காவது கோரிக்கை மனு: குவாரி வேட்டும் என் மகனின் வைத்தியமும்

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: குடியிருப்பை ஒட்டிய கல்குவாரியில் வெடி வைப்பதை நிறுத்தவும், அங்கே வேலை பார்த்து மனம் பாதித்த என் மகனுக்குத் தொடர்ந்து வைத்தியம் கிடைக்கவும் வேண்டி.

ஐயா, வணக்கம்.

இதற்கு முன் மூன்று மனு கொடுத்திருக்கிறேன். மூன்றும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்தது, மூன்றுக்கும் சீட்டு பத்திரமாக இருக்கிறது. ஒன்றுக்கு மட்டும் 'சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது' என்று போனில் செய்தி வந்தது. எந்தத் துறை, யார் மேசை, அது வரவில்லை. பீடி சுற்றிப் பிழைக்கிறவள் நான், ஒரு திங்கட்கிழமை வந்து போனால் அன்றைய கூலி போச்சு. வள்ளியூரிலிருந்து ராதாபுரம் போகும் வழியில் காற்றாடிகளுக்கு நடுவே எத்தனை குழி, எத்தனை டாரஸ் லாரி என்பது தாங்கள் அறியாததல்ல. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-இல், 36-வது விதிப்படி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை கொடுக்கக் கூடாது. கொத்தனாரிடம் 30 மீட்டர் டேப்பை இரவல் வாங்கி எங்கள் வாசல்படியிலிருந்து குவாரி வேலி வரைக்கும் இழுத்தோம். ஏழு தடவை விரித்தோம், எட்டாவது தடவைக்கு இடமில்லை. ஓடையில் இறங்கி ஏறியதையும் சேர்த்துத்தான் அந்த 210 மீட்டர். விசாரிக்க வந்தவர் ஜீப்பை விட்டு இறங்காமலே "சரியாத்தான் இருக்கு" என்று எழுதிக்கொண்டு போனார். உட்கார்ந்த இடத்திலிருந்தே அளக்கிற டேப் ஏதும் வந்திருந்தால் எங்களுக்கும் காட்டட்டும்.

2. என் இளைய மகன் அதே குவாரியில் கம்ப்ரசர் வைத்துக் குழி போட்டுக்கொண்டிருந்தவன். அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் 2022 மே மாதம் பாறை சரிந்து நான்கு பேர் இறந்ததை நாடே பார்த்தது. அதற்கு அடுத்த வருஷம் எங்கள் ஊர்க் குழியில் மேலிருந்து ஒரு கல் உருண்டு, இவன் பக்கத்தில் நின்ற பையன் மேல் விழுந்தது. ஒரே ஆள் என்பதால் பேப்பரில்கூட வரவில்லை. கல்லைப் புரட்டிப் பார்த்தவன் என் மகன். அன்றோடு வேலைக்குப் போவதை நிறுத்தினான், சரி, அது போகட்டும். ஆனால் சாயங்காலம் வெடி வைப்பதற்கு முன்னால் விசில் அடிப்பார்கள். அந்த விசில் கேட்டதும் கையில் சோற்றுத்தட்டு இருந்தாலும் அப்படியே வைத்துவிட்டு ஆட்டுத்தொழுவுக்குள் போய் முழங்காலுக்கு நடுவே தலையைக் கொடுத்து உட்கார்ந்துவிடுகிறான். வேட்டு விழும்போது என் மடியில் இருக்கிற சொளகில் பீடித்தூள் தானாக ஒரு பக்கம் ஒதுங்கும் ஐயா, அவ்வளவு அதிர்வு. தூசி அடங்கினதும் வெளியே வந்து தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறான்: "எல்லாரும் மேல ஏறியாச்சாம்மா?" ஏறியாச்சுய்யா என்று நான் சொல்ல வேண்டும். சொல்லப் பிந்தினால் குழியைப் பார்த்து ஓடுவான். இரண்டு தடவை ஓடியிருக்கிறான், வாட்ச்மேன் அடித்து அனுப்பினார். ஆஸ்பத்திரி டாக்டர் தங்கமான மனுஷர். மாத்திரையை விடாமல் கொடுங்கள், கூடவே அந்தச் சத்தம் காதில் விழாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எங்கே கொண்டுபோய் வைக்க?

3. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 21(4): உடம்பு நோய்க்குக் காப்பீடு எப்படியோ, மனநோய்க்கும் அப்படியே தர வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இதையெல்லாம் காலேஜில் படிக்கிற என் மகள் போனில் தேடி எடுத்தாள். எங்களிடம் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். கவுண்டரில் கேட்டால், படுக்கையில் சேர்த்தால் பார்க்கலாம், மாத்திரைக்கெல்லாம் வராது என்கிறார்கள். காய்ச்சலுக்கும் அப்படித்தானாம், ஆகவே இரண்டும் சமம்தானாம். சமம்தான், ஒத்துக்கொள்கிறேன். கால் ஒடிந்தவனைப் படுக்க வைத்துக் கட்டுப் போடலாம், நடமாடிக்கொண்டிருக்கிறவனை எந்தக் கட்டிலில் சேர்க்க? வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மனநல வைத்தியம் இலவசம் என்று அதே சட்டத்தின் 18-வது பிரிவில் இருக்கிறது. பக்கத்துச் சுகாதார நிலையத்தில் மூன்று மாத்திரையில் ஒன்றுதான் கிடைக்கிறது. மற்ற இரண்டை வெளியே வாங்குகிறேன், பணம் இல்லாத மாதம் பாதியாக உடைத்துக் கொடுக்கிறேன். மனநல உதவிக்கென்று அரசு வைத்திருக்கிற 14416-க்கும் போன் பண்ணினேன். நன்றாகத்தான் பேசினார்கள், மகனிடம் கொடுங்கள் என்றார்கள், கொடுக்கப் போகும்போது விசில் அடித்துவிட்டது.

4. மாவட்ட கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. குவாரிக்காரர்கள் கட்டுகிற பணம், குவாரியால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் செலவழிக்க வேண்டிய பணம். சுகாதாரம் அதில் முன்னுரிமை. தலைவர் தாங்கள்தான். கட்டடமும் ரோடும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, அந்த ரோட்டிலும் டாரஸ்தான் ஓடப்போகிறது. அதில் ஒரு துளி எடுத்து மாத்திரை வாங்கி வைக்க முடியாதா ஐயா?

5. முடியாதா? இதைத்தான் மூன்று மனுவிலும் கேட்டேன்.

ஆகவே ஐயா, மறுபடியும் கேட்கிறேன். ஆள் அனுப்பித் தூரத்தை எங்கள் கண் முன்னால் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளந்து முடிகிற வரைக்கும் வெடி வைக்க வேண்டாம் என்று உத்தரவு போடுங்கள். மாத்திரை மூன்றும் உள்ளூரிலேயே கிடைக்கச் செய்யுங்கள். இன்னொரு தடவை துறைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

முடிந்தால் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தாங்களே வாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சொன்னால் அன்றைக்கு வெடி வைக்க மாட்டார்கள், ரோட்டுக்குத் தண்ணீர்கூடத் தெளித்து வைப்பார்கள். எங்கள் திண்ணையில் உட்காருங்கள். அவன் தொழுவிலிருந்து வந்து கேட்பான். அன்றைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன், தாங்கள் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பீடித் தொழிலாளி
(நான் சொல்லச் சொல்ல எழுதியது என் மகள்)