ரசீது வந்ததா என்று எழுது

செம்பூர், மும்பை
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள ராஜாவுக்கு,

அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். கையெழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்து எனக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதோ என்று நினைத்துக்கொள்ளாதே. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் தடித்த முனையுள்ள கறுப்புப் பேனா ஒன்று கிடைத்தது. அதில் எழுதினால் எழுத்து இப்படித்தான் விழுகிறது.

உன் காரைப் பார்வையற்றோருக்கு உதவும் ஓர் அமைப்புக்குக் கொடுத்துவிட்டதாக அம்மாவின் போனுக்கு நீ அனுப்பியிருந்த ஒற்றை வரியை நான் மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். எனக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம். போகட்டும். அம்மா அதை மாடி வீட்டு மாமியிலிருந்து காய்கறிக்காரர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டாள். "கேட்டுக் கொடுக்கிறவன் பெரிசில்லை, என் பிள்ளை கேக்காமலே கொடுத்திருக்கான்" என்பது அவள் பேச்சு. எனக்கும் பெருமைதான். ஆனால் 34 வருடம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து எழுந்தவனுக்குப் பெருமைக்கு முன்னால் ரசீதுதான் நினைவுக்கு வருகிறது. ரசீது வந்ததா?

மூன்றாவது மாடிக்காரரின் மகளும் உன்னைப்போல அமெரிக்காவில்தான் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். அவளிடம் கேட்டேன். இப்படிக் கொடுக்கும் கார்களைப் பெரும்பாலும் அந்த அமைப்புகள் தாமே வைத்து ஓட்டிக்கொள்வதில்லையாம். இழுவை வண்டி வீட்டுக்கே வந்து இலவசமாக எடுத்துப் போகும், கார் ஏலத்துக்குப் போகும், நடுவில் இருப்பவர்களின் செலவும் கமிஷனும் போக மிஞ்சுவது அமைப்பைச் சேரும், அந்தப் பணத்தில் வெண்கோல் பிடித்து நடக்கப் பயிற்சி, பிரெய்ல், கம்ப்யூட்டர் திரையை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் என்று சொல்லிக் கொடுப்பார்களாம். ஆகவே மிஞ்சுவது எவ்வளவு என்று கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்டாயா? வண்டி யாருடையது என்று காட்டும் டைட்டில் பத்திரத்தில் வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடவில்லையே? கார் 500 டாலருக்கு மேல் விலைபோனால் விற்ற 30 நாளைக்குள் 1098-சி என்ற வரிப் படிவத்தை அமைப்பு உனக்கு அனுப்ப வேண்டும் என்றும், வரிக்கழிவு பெரும்பாலும் ஏலத்தில் விற்ற தொகைக்குத்தான், நாம் மனத்தில் போட்டு வைத்திருக்கும் விலைக்கு அல்ல என்றும் அவள் சொன்னாள். இன்சூரன்ஸை நிறுத்துவதற்கு முன்னால் வண்டி உன் பெயரிலிருந்து போய்விட்டதா என்று பார்த்துக்கொள்.

இதில் நான் பட்டிருக்கிறேன். 1993-இல் என் பஜாஜ் ஸ்கூட்டரைக் காட்கோபரில் ஒருவருக்கு விற்றபோது, பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, அவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துவிடுவார் என்று நம்பி வந்துவிட்டேன். நாலு வருடம் கழித்து ஒரு கான்ஸ்டபிள் நம் வாசலில் வந்து நின்றார். ஸ்கூட்டர் யாரையோ இடித்திருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்வரை சட்டத்துக்கு வண்டி நம்முடையதுதான். நல்ல காரியத்துக்குக் கொடுத்தாலும் அதே கதைதான். அதனால்தான் ரசீது, ரசீது என்கிறேன்.

அடுத்த கார் எப்போது வாங்குகிறாய் என்று அம்மா கேட்டதற்குப் "பார்க்கலாம்" என்றாயாம். பால் பாக்கெட் வாங்குவதற்கே அங்கே கார் வேண்டும், நம் ஊர்போல இறங்கி நடந்தால் கடை இல்லை என்று நீதான் எங்களிடம் சொன்னவன். மருமகள்தான் இப்போது உன்னை ஆபீஸில் கொண்டுபோய் விடுகிறாள் என்றும் அம்மா சொன்னாள். அதை அவள் ஒரு செல்லமாகச் சொன்னாள். மூன்று ஞாயிறாக நீ வீடியோவில் வரவில்லை. குரல் மட்டும்தான் வருகிறது.

இங்கே நம் வேகன் ஆர் கதையையும் எழுதிவிடுகிறேன். 2010-இல் வாங்கியது, 15 வருடம் முடிந்து, பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டி, பசுமை வரியும் கட்டி, இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பித்து வைத்திருக்கிறேன். உன் செய்தியைப் பார்த்த பிறகு எனக்கும் இதைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. 1952-இல் தொடங்கிய, வொர்லியில் இருக்கும் தேசியப் பார்வையற்றோர் சங்கம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆனால் நம் நாட்டு வழி வேறு. பொருளாகக் கொடுப்பதற்கு வருமான வரியில் ஒரு பைசா கழிவு கிடையாது; பணமாகத்தான் கொடுக்க வேண்டும், அதிலும் ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் கணக்கில் வராது. ஆகவே வண்டியை நானே விற்று, செக்காகக் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். இந்த வயதில் எனக்கு எதற்கு வண்டி, எங்கே போக வேண்டுமானாலும் ஹார்பர் லைன் ரயில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் பெட்டி வந்து நிற்கும் இடத்தைக் காட்டுவதற்கு பிளாட்பாரத்தில் விட்டு விட்டு ஓர் ஒலி அடித்துக்கொண்டே இருக்கும் அல்லவா, அதைக் கேட்கும்போதெல்லாம் உன் மாமா நினைவு வருகிறது.

மாமாவின் நினைவு வந்ததால்தான் இந்தக் கடிதமே.

சென்ற டிசம்பரில் கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு இரவு பத்து மணிக்கு ரயிலில் வந்து செம்பூரில் இறங்கினோமே, பாலத்துப் படிக்கட்டில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். 74 வயதுக் கிழவனைப் பிள்ளை தாங்கிக் கூட்டி வந்தான் என்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லி மகிழ்ந்தேன். போன வாரம், உன் செய்தியைப் பார்த்த அன்று இரவு, தூக்கம் வராமல் படுத்திருந்தபோதுதான் அந்தப் பிடி எனக்குப் புரிந்தது. கிழவனைத் தாங்குகிறவன் அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்குவான். நீ என் முழங்கைக்குச் சற்று மேலே, கட்டைவிரல் வெளிப்பக்கமும் மற்ற நாலு விரல் உள்பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு, அரையடி பின்னால் வந்தாய். நான் படியில் கால் வைத்த பிறகுதான் நீ கால் வைத்தாய். மாமா அப்படித்தான் பிடிப்பார். அவர் பாங்கில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்ததிலிருந்து கண் மூடும்வரை, 22 வருடம், என் இடது கையில் அந்தப் பிடி இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாதா?

நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. நீ பதில் எழுதும்போது காரைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

ஆனால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இதை அம்மாவிடமும் சொன்னதில்லை. 1997-இல் மாமாவை நான் கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். மாமாவுக்குக் கண்ணில் மருந்து விட்டு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு, இது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய், முதலில் மாலைக்கண்ணாகத் தொடங்கிப் பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து கடைசியில் குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகும், சில குடும்பங்களில் பெண்கள் வழியாக அவர்களுடைய பிள்ளைகளுக்கு வருவது உண்டு, இவருடைய அக்காவுக்கு மகன் இருந்தால் ஒருமுறை அழைத்து வாருங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அம்மா கேட்டபோது, புதிதாக ஒன்றும் சொல்லவில்லை என்றேன். மருந்தே இல்லாத நோயைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது, இவள் தன் வழியில் வந்தது என்று அழுவாள், ஊரில் என் அக்காமார் அதை வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவார்கள் என்றெல்லாம் எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொண்டேன். பொய்க்கணக்கு. உன்னை அழைத்துப்போய்க் காட்ட எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அதே வருடம் ஆடி மாதம், நீ எட்டாவது படிக்கும்போது, டியூஷன் முடிந்து இருட்டிய நேரத்தில் வந்து, கட்டட வேலைக்காகத் தெருவில் கொட்டியிருந்த ஜல்லியில் இடறி விழுந்தாய். முழங்கால் கிழிந்து, புத்தகப்பை சேற்றில் ஊறிக் கிடந்தது. உன்னோடு வந்த பையன்கள் எல்லாரும் ஜல்லியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். "கண்ணை எங்கேடா வச்சுக்கிட்டு வர்றே" என்று அடிஸ்கேலால் அடித்தேன். நீ "கவனிக்கலப்பா" என்றாய். நீ அப்படிச் சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. "இருட்டில் தெரியலப்பா" என்று நீ சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அடித்தேன் என்று இப்போது நினைக்கிறேன். உன் பாட்டி மறுநாளிலிருந்து ஒரு மாதம் பொன்னாங்கண்ணிக் கீரை சமைத்துப் போட்டாள். நான் அதையும் கேலி செய்தேன்.

தெரிந்திருந்தால் நீ படிப்பையும் வேலையையும் ஊரையும் வேறு மாதிரி அமைத்துக்கொண்டிருப்பாயோ என்னவோ. பேருந்தும் ரயிலும் ஓடும் ஊராகவாவது பார்த்துக் குடியேறியிருப்பாய். மாமா ஒருநாளும் யாரிடமும் இரக்கம் கேட்டவர் இல்லை. பகல் முழுக்க பாங்கில் நூறு நம்பரை நினைவிலிருந்து போடுவார். இதை ஆறுதலுக்காக எழுதவில்லை, நினைவுக்கு வந்தது.

சும்மா படித்தபோது கண்ணில் பட்டதையும் எழுதுகிறேன். 2017-இல் உங்கள் நாட்டில் ஆர்.பி.ஈ.65 என்ற ஒரு மரபணுவின் குறைக்கு மட்டும் விழித்திரையின் அடியில் மருந்தைச் செலுத்தும் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். மற்ற வகைகளுக்கு ஆராய்ச்சிதான் நடக்கிறது. எந்த மரபணு என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்டால்தான் எது யாருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியுமாம். மருமகளிடம் எதையும் மறைத்து வைக்காதே. காரின் காகிதங்களையும் அவளிடம் காட்டி ஒரு நகல் எடுத்து வை.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாமல் ஒட்டுகிறேன். நாளை காலை தபாலாபீஸ் போகும்போது, நான் 1997-இல் செய்ததை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். உன்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது நீ சொல்ல வேண்டியது.

டிசம்பரில் வருவதாக இருந்தால் பகலில் இறங்கும் விமானமாகப் பார்த்து டிக்கெட் எடு. கிடைக்காவிட்டால் இரவு விமானமே இருக்கட்டும். வெளியே வரும் வாசலில் கம்பியின் இடது ஓரத்தில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். வேகன் ஆர் அதற்குள் விற்றுப்போயிருக்கும், டாக்ஸியில் வரலாம்.

ரசீது வந்ததா என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா