உளவாளியின் மனைவிக்கும் ஒரு பத்தி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் எகிப்திய உளவாளி ரிஃபாத் அல்-கம்மால் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். நடை விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளியில் வரலாறு கற்பித்த எனக்கு இரண்டு இடங்களில் மனம் ஒப்பவில்லை.

டாமியெட்டாவில் 1927இல் பிறந்தவர், ஜாக் பீத்தோன் என்ற யூதராக மாறி 1950களில் இஸ்ரேலுக்குள் போனார், டெல் அவிவில் பயண முகவர் நிறுவனம் நடத்தினார் என்பதெல்லாம் சரி. அந்தத் தொழில் நன்றாக யோசித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. டிக்கெட் விற்பவர் அடிக்கடி ஐரோப்பாவுக்குப் போய்வந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஆனால் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையிலான 1967 போர் எப்போது தொடங்கும் என்பதை அவர் கெய்ரோவுக்கு முன்கூட்டியே தெரிவித்தார் என்று கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். அது எகிப்துத் தரப்பின் கூற்று. 1980களின் பிற்பகுதியில் அங்கே ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. இஸ்ரேல் தரப்போ, அவர் பிடிபட்டுத் தங்கள் பக்கம் திருப்பப்பட்டவர் என்கிறது. தாக்குதல் தரைவழியில்தான் தொடங்கும் என்ற பொய்ச் செய்தியை அவர் மூலமாகவே அனுப்பினோம் என்றும் சொல்கிறது. எகிப்து இதை மறுக்கிறது. உண்மையில் போர் வான்வழியில்தான் தொடங்கியது: ஜூன் 5 காலையில் இஸ்ரேலின் விமானத் தாக்குதலில் சில மணி நேரத்துக்குள் சுமார் 300 எகிப்திய விமானங்கள் அழிந்தன. பெரும்பாலானவை ஓடுதளத்தில் நின்றபடியே எரிந்தன. இதையும் வாசகருக்குச் சொல்லியிருந்தால் அவரே எடைபோட்டுப் பார்த்திருப்பார். இரண்டு உளவுத்துறைகளுமே தங்கள் பெருமைக்காகப் பேசுபவை. ஒன்றின் பேச்சை மட்டும் வரலாறு என்று அச்சிடலாமா?

என்னை இன்னும் அதிகமாக வருத்தியது வேறொன்று. அவர் 1963இல் வால்ட்ராட் என்ற ஜெர்மானியப் பெண்ணை மணந்தார். டானியல் என்ற மகன் பிறந்தான். 1982 ஜனவரியில் புற்றுநோயால் இறக்கும்வரை, தான் எகிப்தியர் என்பதையோ தன் உண்மைப் பெயரையோ மனைவியிடம் அவர் சொல்லவில்லை. கணவரின் மறைவுக்குப் பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்தது. பத்தொன்பது ஆண்டுகள் யாருடன் குடும்பம் நடத்தினோம் என்பதை, கேள்வி கேட்க அவர் இல்லாத நேரத்தில் தெரிந்துகொள்வது எத்தனை கொடுமை! கட்டுரையில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது 'ஜெர்மானிய மனைவி' என்ற இரண்டே சொற்கள்.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு கதை நடந்தது. கெய்ரோவில் குதிரை வளர்க்கும் ஜெர்மானியச் செல்வந்தராக உலவிய வோல்ஃப்கங் லோட்ஸ், இஸ்ரேலின் உளவாளி. அங்கே அவருடன் வாழ்ந்த மனைவியும் ஜெர்மானியர்தான். வியப்பு என்னவென்றால், அவர் பெயரும் வால்ட்ராட். ஆனால் கணவரின் வேலை அவருக்குத் தெரியும். 1965இல் இருவரும் கைதானார்கள். கணவருக்கு ஆயுள் தண்டனை, மனைவிக்கு மூன்று ஆண்டுச் சிறை. 1968இல் கைதிகள் பரிமாற்றத்தில் விடுதலையானார்கள். இதற்கிடையே லோட்ஸின் முந்தைய மனைவி, இந்தத் திருமணத்தைப் பற்றி எதுவும் தெரியாமல், பாரிஸில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உண்மை தெரிந்தவர் சிறைக்குப் போனார், தெரியாதவர்கள் ஏமாற்றப்பட்டார்கள். பதக்கமும் புகழும் இவர்களில் யாரையும் தேடி வரவில்லை.

அல்-கம்மாலின் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. பகை நாட்டில், அடுத்தவர் பெயரில், ஒவ்வொரு நாளும் உயிரைப் பணயம் வைப்பது லேசான காரியமல்ல. அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுத்தவர்களில் அவர் வீட்டிலிருந்தவர்களும் உண்டு என்பதுதான் என் வாதம். அவர் நாயகனா இரட்டை உளவாளியா என்று இரு நாடுகளும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. அவர் மனைவிக்கு நேர்ந்ததைப் பற்றி அப்படி ஒரு சண்டையே இல்லை.

இணைப்பின் அடுத்த இதழிலேயே இஸ்ரேல் தரப்பின் கூற்றையும், அல்-கம்மாலின் மனைவி வால்ட்ராடின் கதையையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
கும்பகோணம்.