ஆர்.சி. என் பேரில் இருக்கிறது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, ஆச்சி, நான் எல்லாரும் நலம். ஆச்சிக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. பாபநாசம் அணையைத் திறந்துவிட்டார்கள். கார் நடவுக்கு ஆள் கிடைக்காமல் அப்பா அலைந்துகொண்டிருக்கிறார். ஆனித் தேரோட்டத்துக்கு நீ வரவில்லை என்று ஆச்சிக்கு வருத்தம். லீவு கிடைத்திருக்காது என்று நானே சொல்லிச் சமாளித்தேன். புளிமிளகாய் செய்து வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்து விடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வண்டி எப்படி ஓடுகிறது? ஆபீசுக்கு வண்டியில்தான் போகிறாயா, பஸ்ஸா? போனில் இதைக் கேட்டாலே "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகூட மீட்டிங் என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தை நடுவில் வெட்ட முடியாது.

போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து பெரிய மாமா வந்திருந்தார். எங்களுக்குத் தெரிந்த பையன் ஒருத்தன் மெட்ராசில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டான், அவனுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். மாமா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யார் வீட்டுப் பையன் என்று கேட்கவில்லை. ஆயுசெல்லாம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த மனுஷர், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

மாமாவிடம் அப்படிச் சொல்லிவிட்டேன். உன்னிடமும் தெரிந்த பையன் என்று எழுதிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. வண்டியின் ஆர்.சி. என் பேரில் இருக்கிறது, தம்பி. அதில் கொடுத்திருப்பது என் போன் நம்பர். சலான் மெசேஜ் எனக்குத்தான் வந்தது. ஹெல்மெட் போடாமல் போயிருப்பாய் என்று முதலில் நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு என்று இருந்தது, குடித்துவிட்டு ஓட்டினால் போடுகிற பிரிவு. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் காலம் கழித்தவளுக்கு அந்த நம்பரை யாரும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி போலீஸ் கொண்டுவரும் மெமோவில் பார்த்துப் பார்த்துப் பழகின நம்பர் அது.

ஓட்டினது நீதானா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். உன் ரூமில் இருக்கும் பையன்கள் அவசரத்துக்கு வண்டியை எடுத்துப் போவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர்களில் யாராவது ஓட்டியிருக்கட்டும் என்று நெல்லையப்பரிடம் வேண்டிக்கொண்டேன். அடுத்த வீட்டுப் பிள்ளை மாட்டியிருக்கட்டும் என்று வேண்டுவதும் பாவம்தான், ஆனாலும் வேண்டினேன். அப்படி இருந்தால் அவனுக்காக நீ பழியை ஏற்றுக்கொள்ளாதே. ஸ்நேகிதத்துக்காக எதையும் செய்கிறவன் நீ, அதனால் சொல்கிறேன். நீ பின்னால் உட்கார்ந்திருந்தாயா என்பதையும் சொல். குடித்திருப்பவனை ஓட்டவிட்டுப் பின்னால் ஏறினால் அதுவும் குற்றத்துக்கு உடந்தைதான், 188-ஆம் பிரிவில் அதே தண்டனை என்கிறார் மாமா. 2022 அக்டோபரிலேயே மெட்ராஸ் போலீஸ் அதைச் சொல்லி அறிவிப்புக் கொடுத்தார்கள்.

நீதான் ஓட்டினாய் என்றால் மாமா சொன்னதைக் கவனமாகப் படி.

நூறு மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கேஸ். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019-க்கு முன்னால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய்தான். இங்கே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற பெரிய ஆட்கள் இன்னும் அந்தக் கணக்கிலேயே பேசுகிறார்கள், நீ யார் பேச்சையும் கேட்காதே. இந்தக் கேஸை ரோட்டிலேயே பணத்தைக் கட்டி முடிக்க வழி கிடையாது, கோர்ட்டில்தான் முடியும். "நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்று எவனாவது ஐயாயிரம் கேட்டால் கொடுத்துவிடாதே. முதல் தடவை என்றால் பெரும்பாலும் அபராதத்தோடு விடுவார்கள், ஆனால் அது மாஜிஸ்திரேட் கையில் இருக்கிறது. சம்மன் வந்து போகாமல் இருந்தால் பிடிவாரண்டு. போலீஸ் வீட்டுக்கு வந்துதான் அப்பா தெரிந்துகொள்ள வேண்டும் என்று வைத்துவிடாதே. லைசென்ஸையும் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைப்பார்கள். அந்தச் சமயத்தில் வண்டியைத் தொட்டால் அது தனிக் கேஸ்.

கேஸை எதிர்த்து நிற்கலாமா என்று கேட்டேன். நிற்கலாம், ஆனால் நிற்பதற்கு உண்மை வேண்டும் என்றார். இதில் எனக்கும் கொஞ்சம் தெரியும். ஊதின மெஷினிலிருந்து ரசீது வரும். அதில் தேதி, நேரம், மெஷின் நம்பர், அளவு எல்லாம் இருக்கும். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாயா? வாயைக் கொப்பளிக்கிற மருந்திலும் சில இருமல் டானிக்கிலும் ஆல்கஹால் உண்டு. குடித்த கையோடு ஊதினால் வாயில் இருப்பதையும் சேர்த்துக் காட்டிவிடும். கால் மணி நேரம் விட்டு மறுபடி ஊதினால் அது இறங்கிவிடும். உனக்கு நடந்தது அப்படித்தான் என்றால் வக்கீலிடம் சொல், மருந்துச் சீட்டையும் கொடு. அப்படி இல்லையென்றால் இல்லாத இருமலை உண்டாக்காதே. ஊத மாட்டேன் என்று நீ மறுத்திருந்தால் அதையும் உனக்கு எதிராகவே எடுத்துக்கொள்வார்கள்.

உன்னை அரெஸ்ட் செய்தார்களா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்களா என்பது எனக்குத் தெரியாது. செய்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. இரத்தம் எடுத்தார்கள் என்றால் கையை எதால் துடைத்தார்கள் என்று ஞாபகப்படுத்திப் பார். இந்தச் சோதனைக்கு ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது. நான் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான். சோடியம் புளோரைடு போட்ட குப்பியில் எடுத்து, சீல் வைத்து, நேரம் எழுதி அனுப்ப வேண்டும். வாடை அடித்தது என்று மட்டும் டாக்டர் எழுதினால் போதாது என்று 1971-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, மாமா அதைச் சொன்னார். வக்கீல்கள் இதையெல்லாம்தான் தோண்டுவார்கள்.

ஆனால் மாமா இன்னொன்றும் சொன்னார். பிள்ளைகள் வேலை முடிந்தால் போதும் என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். அது வெறும் ஃபைன் இல்லை, குற்றவாளி என்று எழுதி வைக்கிறார்கள். அடுத்த தடவை என்று ஒன்று வந்தால் அது இரண்டாவது குற்றமாகிவிடும். வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று சொன்னாயே, விசா பாரத்தில் தண்டனை பெற்றதுண்டா என்று கேட்டால் என்ன எழுதுவாய்? அதனால் நீ குடிக்காமல் மாட்டியிருந்தால் எத்தனை வாய்தா ஆனாலும் நில், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். குடித்திருந்தால் ஒப்புக்கொண்டு கட்டிவிட்டு வா. குடித்துவிட்டு, மெஷின் சரியில்லை என்று வாதாடித் தப்பித்து வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்காது. தப்பித்தவன் மறுபடியும் ஓட்டுவான்.

உனக்கு எத்தனை தடவை சொன்னேன். குடிப்பது குடிக்காதது உன் வயசுக்கு உன் முடிவு, நான் சொல்லி நிற்கப்போவதில்லை. வண்டியைத் தொடாதே என்றுதானே சொன்னேன். ஆட்டோ இருக்கிறது, கார் புக் பண்ணலாம், ரூமிலேயே படுத்துவிடலாம். காலையில் எழுந்து ஓட்டினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதே. உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறக்கும். நடு ராத்திரிக்கு 150 இருந்தால் காலை ஆறு மணிக்கும் 60 இருக்கும். காபி, மோர், தலைக்குக் குளிக்கிறது எதனாலும் அது வேகமாக இறங்காது. எத்தனை ரவுண்டு வரைக்கும் பரவாயில்லை என்று ஒரு கணக்கும் கிடையாது. சாப்பிட்டாயா, என்ன எடை இருக்கிறாய் என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும்.

குற்றாலம் சீசன் இப்போது. சீசனில் நைட் டூட்டி என்றால் எங்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆம்புலன்ஸ் வர ஆரம்பிக்கும். ஈரத் துண்டு இன்னும் தோளில் இருக்கும், தலையில் குற்றாலத்து எண்ணெய் வாசம் போயிருக்காது. அதோடு மற்ற வாடையும் வரும். ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதுவதற்குப் பேரைக் கேட்டால் சொல்லக்கூட வாய் வராது. ஒரு தடவை உன் வயசுப் பையன் ஒருத்தன், அடி ஒன்றும் பெரிதில்லை, கட்டிலில் உட்கார்ந்து "அவன் எங்கே, அவன் எங்கே" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பின்னால் உட்கார்ந்து வந்தவனைக் கேட்கிறான். அவனை எங்களிடம் கொண்டுவரவே இல்லை, நேரே மார்ச்சுவரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பையனுக்கு யார் சொல்வது என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் சொன்னேன். வெளியே அந்த இன்னொரு பையனின் அம்மாவுக்கும் நான்தான் சொன்னேன். அவள் என்னை ஒன்றும் திட்டவில்லை. "அவன் குடிக்க மாட்டானேம்மா" என்று மட்டும் சொன்னாள். அவன் குடித்திருக்கவில்லைதான்.

இப்போது அப்படி ஒருத்தர் உயிர் போனால் அலட்சியத்தால் மரணம் என்றே ஐந்து வருஷம் வரை தண்டனை. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டம், முன்பு இரண்டு வருஷம்தான். குடித்துவிட்டு ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டினான் என்று 105-ஆம் பிரிவைப் போட்டால் பத்து வருஷம் வரை போகலாம். இன்சூரன்சும் கைவிட்டுவிடும். உன் வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. அடிபட்டவனுக்குக் கொடுத்துவிட்டு அதை வண்டிக்காரரிடம் வசூலிக்க வருவார்கள். வண்டிக்காரர் நான்தான். பணத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அப்பா பெயரைக் கோர்ட்டில் கூப்பிட வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். சின்னையாவின் விபத்துக்குப் பிறகு அவர் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். இன்றைக்கும் பஸ் கங்கைகொண்டானைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திவிடுவார். சித்தி ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசினதில்லை. நீ சின்னையா மடியில் வளர்ந்த பிள்ளை. உனக்கு இது எப்படி மறந்தது?

கோபத்தில் எழுதிவிட்டேன். உன்னைப் பற்றி இங்கே நான் பேசாத ஆள் இல்லை. அக்கா கல்யாணக் கடனை நீ அடைத்ததை வண்ணார்பேட்டை அத்தை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள். இந்தப் பத்தாயிரத்துக்கு யாரிடம் கைமாற்று வாங்கினாய்? என்னிடம் கேட்டிருந்தால் பென்ஷன் பணத்தில் கொடுத்திருக்க மாட்டேனா? கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது. பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்டுவதற்கு முன்னால் மாமாவிடம் ஒரு வார்த்தை பேசு. நீ பேசுவாய் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஊதின ரசீது, சலான், லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வை. போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பு. மெட்ராசில் அவருக்குத் தெரிந்த வக்கீல் ஒருத்தர் இருக்கிறார், நியாயமான ஆள். கோர்ட் தேதி தெரிந்ததும் எனக்குச் சொல், நெல்லை எக்ஸ்பிரசில் டிக்கெட் போட்டு வந்துவிடுகிறேன். அப்பாவிடம் உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். எழும்பூரில் வந்து நிற்க வேண்டாம், விடிந்துதானே வந்து சேரும், நானே வந்துவிடுவேன். கோர்ட்டுக்குத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போ, மாஜிஸ்திரேட் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்.

கேஸ் முடிகிறவரை வண்டியை எடுக்காதே. யாருக்கும் கொடுக்கவும் கொடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா குறுக்குத்துறைக்குப் போய்விடுவார், ஒன்பது மணிக்கு மேல்தான் திரும்புவார். ஏழு மணிக்குக் கூப்பிடு. நலமா என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். ஓட்டினது யார் என்று முதலில் சொல்லிவிடு, மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அம்மா