சுற்றறிக்கையும் கதிரையும்

அன்பின் தேவா,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. எழுத்து மறுபடியும் நேர்கோட்டில் நடப்பதைப் பார்த்தே விஷயத்தை ஊகித்துவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். என் மூட்டுவலி மட்டும் இடமாற்றம் கேட்டு விண்ணப்பிக்கிற எண்ணத்தில் இல்லை.

சின்னவள் நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அவள் உன்னிடம் கேட்ட கேள்வியை நீ வழக்கம்போல் ‘உரிய நடவடிக்கைக்காக’ என்னிடம் அனுப்பிவிட்டாய். பொது நிர்வாக அமைச்சர் என்ற பதவி நம் இலங்கையில் எப்போது, எப்படி வந்தது? உத்தியோகத்தரின் சம்பளம், லீவு பார்க்கிற தாபனக் கிளையிலேயே காலத்தைக் கழித்தவனுக்கு இது தெரியாமல் இருக்குமா என்று நினைத்திருப்பாய். வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டுமென்றால் அதை அவளே ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவாள். அந்தக் கதிரையில் இருந்தவர்களின் கையில் உண்மையில் என்ன இருந்தது என்பதைத்தான் நான் எழுதப்போகிறேன். பரீட்சைக்கு உதவுமோ தெரியாது, நேர்முகத் தேர்வுக்கு உதவலாம்.

முதலில் ஒன்று. நீண்ட காலம் அப்படி ஒரு அமைச்சரே இருக்கவில்லை. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தபோது நம்மவர்களுக்கு ஏழு அமைச்சுகள் கொடுத்தார்கள். உள்நாட்டு அலுவல்கள், விவசாயம், கல்வி என்று எல்லாம் கொடுத்தவர்கள் அரச சேவையை மட்டும் கொடுக்கவில்லை. அது பிரதம செயலாளர் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் கையில் இருந்தது. சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் ஆகியோரோடு மூன்று பேராக, வாக்காளருக்குப் பதில் சொல்லத் தேவையில்லாதவர்களாக அமர்ந்திருந்தார்கள். வீதியையும் பள்ளிக்கூடத்தையும் நீங்கள் நடத்துங்கள், உத்தியோகத்தர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதே ஏற்பாடு. அரசாங்கம் என்பது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சுதந்திரத்தையொட்டி வந்த சோல்பரி அரசியலமைப்பின் கீழ் அந்த மூவரும் போனார்கள். நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குப் போயின. கச்சேரி என்ற மாவட்ட அலுவலகங்களும் அவற்றின் தலைவர்களான அரசாங்க அதிபர்களும் உள்நாட்டு அலுவல்கள் அமைச்சின் கீழ் வந்தார்கள்; 1947இல் அதன் முதல் அமைச்சர் ஒலிவர் குணதிலக. சம்பளம், லீவு, படிகள், வினைத்திறன் தடைகாண் பரீட்சை போன்ற தாபன விஷயங்கள் திறைசேரியிடம் இருந்தன. அதாவது இன்று ஓர் அமைச்சின் பெயர்ப்பலகையில் இருக்கிற வேலையை அன்று மூன்று இடங்கள் பகிர்ந்துகொண்டன.

இந்தத் திறைசேரிக் காலத்துக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. சின்னவளிடம் கட்டாயம் சொல். கோடீஸ்வரன் வழக்கைத்தான் சொல்கிறேன். 1961 டிசம்பரில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை விட்டது, இலக்கம் 560. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாத உத்தியோகத்தர்களுக்குச் சம்பள உயர்வு இல்லை என்பது அதன் சாரம். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956இன் தனிச்சிங்களச் சட்டம் பாராளுமன்றத்தில் பெரிய சத்தத்தோடு நிறைவேறியது. ஆனால் அது ஒரு எழுதுவினைஞரின் சம்பளச் சீட்டுக்குள் இறங்கியது இந்தத் தாளின் வழியாகத்தான். பரீட்சைக்குத் தோற்ற மறுத்த கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞருக்கு 1962இல் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். உயர்நீதிமன்றம் மொழிப் பிரச்சினையைத் தொடவே இல்லை. அரச ஊழியர் ஒருவர் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசை எதிர்த்து வழக்காட முடியாது என்று சொல்லி மேன்முறையீட்டை முடித்துவிட்டது. 1969 டிசம்பரில், அன்று நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, வழக்காடலாம், மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு அமைவானதா என்பதை உங்கள் நீதிமன்றமே தீர்மானிக்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகு பிரிவி கவுன்சிலுக்குப் போகிற பாதையே 1971இல் மூடப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பும் வந்துவிட்டது. கேள்வி கேள்வியாகவே நின்றது. ஒரு மனிதனுடைய ஆண்டுச் சம்பள உயர்வில் தொடங்கிய விஷயம் எங்கே போய் நின்றது என்று பார். அந்தச் சுற்றறிக்கையில் எந்த அமைச்சரின் முகமும் தெரியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்.

இதற்கிடையில் 1963 மே முதலாம் தேதி இலங்கை சிவில் சேவை மூடப்பட்டு இலங்கை நிர்வாக சேவை பிறந்தது. 1875இல் பொன்னம்பலம் அருணாசலம் போட்டிப் பரீட்சை எழுதி உள்ளே நுழைந்தாரே, அந்தச் சேவைதான். அப்படி நுழைந்த முதல் இலங்கையர் அவர். நம் அப்பாமார் ‘சீ.சீ.எஸ்.’ என்று அதன் ஆங்கிலச் சுருக்கத்தைச் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை வரும். பிரதேச வருமான உத்தியோகத்தர்களையும் அவர்களையும் ஒரே சேவைக்குள் போட்டது பழைய துரைமாருக்குப் பிடிக்கவில்லை. அதே ஆண்டில்தான் ஊர்த் தலைவரான விதானையார் போய்க் கிராம சேவகர் வந்தார். மேலே துரை, கீழே விதானை. இரண்டு முனையையும் ஒரே ஆண்டில் மாற்றியது துணிச்சலான காரியம் என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

1970இல் சிறிமாவோ அம்மையாரின் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க பொது நிர்வாக, உள்ளூராட்சி, உள்நாட்டு அலுவல்கள் அமைச்சர் ஆனார். சின்னவளின் கேள்விக்கு நேரான பதில் இதுதான். அரச சேவையைத் தன் பெயரிலேயே வைத்திருந்த பெரிய அமைச்சு அப்போதுதான் உருவானது. மனிதரும் இலேசானவர் அல்ல. 1960இல் முப்பது வயதுக்கு முன்பே நிதி அமைச்சராகி, 1962இல் அரிசிப் பங்கீட்டைக் குறைக்கப்போய்ப் பதவியை விட்டவர். பிறகு நீதி அமைச்சும் அவரிடமே வந்தது. உத்தியோகத்தர்களும் நீதித்துறை நிர்வாகமும் ஒருவருடைய மேசையில்!

1972 அரசியலமைப்பு இந்தக் கதிரைக்குப் பொற்காலம். சுதந்திரப் பொதுச் சேவை ஆணைக்குழு ஒழிந்தது. நியமனமும் பதவிநீக்கமும் அமைச்சரவையின் பொறுப்பாயின. அதை நீதிமன்றத்தில் கேட்கவும் முடியாது. ஆலோசனைச் சபை, ஒழுக்காற்றுச் சபை என்று இரண்டை வைத்தார்கள். அவை அமைச்சரவைக்கு வழி சொல்லலாம், வழி மறிக்க முடியாது. மாவட்டத்துக்கு ஓர் அரசியல் அதிகாரி வந்து அரசாங்க அதிபரின் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டுக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். நீதியான நிர்வாகம் என்ற பேச்சு எவ்வளவு பெரிதாக இருந்ததோ, எம்.பி. கடிதத்தின் மதிப்பும் அவ்வளவு பெரிதாக வளர்ந்தது. 1977இல் வந்தவர்கள் இதை மாற்றுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அவர்களோ எம்.பி.மார் கையால் கொடுக்கிற வேலைவாய்ப்புப் படிவங்களையும், மாவட்ட அமைச்சர்களையும் கொண்டுவந்தார்கள். பழைய நோய்க்குப் புதிய பெயர்.

அடுத்த அமைச்சர்களைப் பற்றி நான் வேகமாகப் போகிறேன். 1977இல் மொன்டேகு ஜயவிக்கிரம. காலப்போக்கில் அவரிடம் பெருந்தோட்டத் தொழிலும் சேர்ந்தது. உள்நாட்டு அலுவல்கள் பிரிந்து 1980இல் கல்குடா எம்.பி. தேவநாயகம் ஐயாவிடம் போனது. 1994இல் இரத்தினசிறி விக்கிரமநாயக்க: பொது நிர்வாகம், உள்நாட்டு அலுவல்கள், மறுபடியும் பெருந்தோட்டம். எழுதுவினைஞரும் தேயிலைக் கொழுந்தும் ஒரே அமைச்சில் என்ன செய்தன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு முகாமைத்துவம், மறுசீரமைப்பு, மாகாண சபைகள், ‘ஜனநாயக ஆட்சி’ என்று வால்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு தடவையும் கடிதத் தலைப்பை மாற்றி, முத்திரையை மாற்றி, பழைய கடிதத்தாள்களின் பின்பக்கத்தில் நாம் குறிப்பெழுதியது நினைவிருக்கிறதா? கரு ஜயசூரிய இரண்டு தடவை அந்தக் கதிரையில் இருந்தார். 2022இல் தினேஷ் குணவர்தன பிரதமராக இருந்துகொண்டே இதையும் வைத்திருந்தார். இப்போது, 2024 நவம்பரில் இருந்து, அபயரத்ன.

இத்தனை பேரையும் கடந்து, அதிகாரம் எங்கே இருந்தது என்று கேட்டால் அதற்குத் திருத்தங்களைத்தான் பார்க்க வேண்டும். 1978இன் அரசியலமைப்பு, பொதுச் சேவை ஆணைக்குழுவைத் திருப்பிக் கொண்டுவந்தது. ஆனால் அமைச்சரவையின் நிழலில். 2001இல் 17ஆவது திருத்தம் அதைச் சுதந்திரமாக்கியது. 2010இல் 18ஆவது, ஆணையாளர்களைத் தெரிவுசெய்யும் உரிமையை ஜனாதிபதியிடம் கொடுத்தது. 2015இல் 19ஆவது அதை மீட்டது. 2020இல் 20ஆவது மறுபடி பறித்தது. 2022இல் 21ஆவது மறுபடி மீட்டது. கவனித்தாயா, இத்தனை இழுபறியிலும் பொது நிர்வாக அமைச்சர் என்ற தனி மனிதர் ஒரு தரப்பாகவே இல்லை. இழுத்தவர்கள் ஜனாதிபதியும் பாராளுமன்றமும். கொள்கை அமைச்சரவைக்கு, நியமனம் ஆணைக்குழுவுக்கு, செயலாளர் நியமனம் ஜனாதிபதிக்கு. நடுவில் நம் அமைச்சருக்கு மிஞ்சுவது என்ன?

சுற்றறிக்கை. அதுவும் அவர் கையெழுத்தில் இல்லை, செயலாளரின் கையெழுத்தில். தேவா, நம் கந்தோரில் எவராவது அமைச்சரின் பெயரைச் சொல்லி ஒரு விஷயத்தை நினைவுபடுத்தினார்களா? ‘ஏழின் கீழ் இரண்டாயிரத்து ஏழு’ என்று சுற்றறிக்கையின் இலக்கத்தைத்தான் சொல்வோம். அந்தச் சுற்றறிக்கையையே எடுத்துக்கொள். 2007 ஜூலைக்குப் பிறகு சேவையில் சேருகிறவர்கள் ஐந்து ஆண்டுக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அதற்காக நின்று போராடியவர் அப்போது அரசியலமைப்பு விவகார, தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சராக இருந்த டியூ குணசேகர. வெளியே வந்தது பொது நிர்வாக அமைச்சின் தாளில். திறைசேரியின் 560ஆம் இலக்கத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல் அவளை. ஒன்று ஒரு மொழியைக் காட்டிச் சம்பளத்தை நிறுத்தியது. மற்றது இரண்டு பக்கமும் படி என்றது. நடைமுறையில் எவ்வளவு நடந்தது என்பது வேறு கதை. நான் வேலை செய்த ஒரு கந்தோரில் சித்திச் சான்றிதழ் கோவையில் இருக்கும், அந்த மொழியில் ஒரு வரி கடிதம் எழுத ஆள் இருக்காது.

சுற்றறிக்கையின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு 2019 மே மாதத்தையும் சொல்லலாம். ஈஸ்டர் குண்டுவெடிப்புகளின் பின் பெண் உத்தியோகத்தர்கள் சேலை அல்லது ஒசரி என்ற கண்டிச் சேலைதான் உடுக்க வேண்டும் என்று ஒன்று வந்தது. முஸ்லிம் சகோதரிகள் வேலைக்கு எப்படிப் போவது என்று தவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பித் திருத்தினார்கள். வேலைக்கு வருகிறவளின் அலுமாரிக்குள் ஓர் அமைச்சு கையை விட்டது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. 2022 நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கி வீட்டில் பயிர் செய்யச் சொன்னதும், மூப்பும் ஓய்வூதியமும் கெடாமல் ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்றதும் இதே வகைத் தாள்கள்தான்.

உன்னையும் என்னையும் வீட்டுக்கு அனுப்பியதும் அப்படித்தானே. 2021 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் நிதி அமைச்சர் ஓய்வு வயதை 65 ஆக்கினார். 2022 ஓகஸ்டில் இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் அது 60க்கு இறங்கியது. முடிவு இரண்டு தடவையும் நிதிப் பக்கத்தில் இருந்து. அறுபதைத் தாண்டிய எல்லோரும் 2022 டிசம்பர் 31இல் போங்கள் என்ற நடைமுறை பொது நிர்வாகப் பக்கத்தில் இருந்து. ஒரே நாளில் எத்தனை மாலை, எத்தனை பிரியாவிடைப் பேச்சு!

வடக்கில் இருப்பவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது திருத்தத்தின் பிறகு மாகாண அரச சேவை என்று ஒன்று வந்தது. ஆனால் அரசாங்க அதிபரும் பிரதேச செயலாளர்களும் கிராம உத்தியோகத்தர்களும் கொழும்பின் கீழேயே நின்றார்கள். சனங்களுக்குத் தெரிந்த அரசாங்கம் அவர்கள்தான். 1829இல் இருந்து பல பத்தாண்டு யாழ்ப்பாணத்தை ஆண்ட டைக் துரை காலத்துக் கச்சேரி, போரில் இடிந்தது இடிந்தபடி பழைய பூங்காவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கட்டடம் போனாலும் முறை போகவில்லை. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, அடுத்த தேர்தல் இன்னும் வரவில்லை. இப்போதைய அமைச்சரின் பதவிப் பெயரில் மட்டும் மாகாண சபைகள் இருக்கின்றன.

இவ்வளவும் போதும். அவளுக்குத் தேவையானால் என்னிடம் இருக்கிற பழைய தாபன விதிக்கோவையை அனுப்பிவைக்கிறேன். ஓரங்களில் என் பென்சில் குறிப்புகள் இருக்கும், சில இடங்களில் திட்டும் இருக்கும். அதைப் பரீட்சையில் எழுதிவிட வேண்டாம் என்று சொல். பரீட்சைத் தேதி தெரிந்ததும் எழுது. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மனைவியின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியைக் கொடுத்துவிட்டாயா? போன தடவை கேட்டதற்கு நீ பதிலே போடவில்லை.

அன்புடன்,
இராசன்